மார்ச் 25, கிரேக்கக் கடலோரம்: உப்புக் காட் மீன், பூண்டுத் துவையல், அணிவகுப்பு

கரையோரம்
வணக்கம். மார்ச் 25 அன்று நாஃப்ளியோவில் ஆறு பேர் இருப்போம். கடலைப் பார்த்த வாடகை வீடு; அடுப்பும் ஃப்ரிட்ஜும் உண்டு. அன்றைக்குக் கிரேக்க விடுதலை நாளும் மங்கள வார்த்தைத் திருநாளும் (தேவதூதர் மரியாளுக்கு நற்செய்தி சொன்ன நாள்) சேர்ந்து வருகிறது, வீட்டுக்கு வீடு பொரித்த உப்புக் காட் மீனும் பூண்டுத் துவையலும்தான் சாப்பாடு என்பதுவரை தெரியும். 23-ஆம் தேதி மாலை போய்ச் சேர்கிறோம். மீனை எப்போது வாங்கி எப்போது ஊறவைக்க வேண்டும்? அன்று காலையில் எங்கே நிற்க வேண்டும்? என்னென்ன மூடியிருக்கும்? இன்னொன்று: கண்ணெதிரே கடல் இருக்கும்போது எதற்காக உப்பிட்ட மீன்?

உப்புக்கல்
முதலில் மீன், ஏனென்றால் 23 மாலை என்பது கடைசி வாய்ப்பு. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சூப்பர்மார்க்கெட்டுக்குப் போங்கள். இரவு 9 மணிக்குப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். 23 இரவு 8 மணிக்கு ஊறப்போட்டால் 25 மதியம் 2 மணிக்கு 42 மணி நேரம் ஆகியிருக்கும். தடித்த துண்டுக்கு அது சரியான கணக்கு.

கிரேக்கத்தில் இந்த மீனுக்குப் பெயர் பகலியாரோஸ். அதே பெயரில் பச்சை மீனும் விற்பார்கள், அதனால் ‘பாஸ்தோஸ்’ என்று சேர்த்துக் கேளுங்கள். உப்பிட்டது என்று பொருள். நம் கருவாடு போலக் காய்ந்து விறைத்து இருக்காது. ஈரம் பாதிக்கு மேல் இருக்கும், எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு. முழுப் பாளமாகத் தொங்கும் அல்லது பொட்டலத்தில் கிடைக்கும். ஆறு பேருக்கு உப்போடு 1.2 கிலோ போதும். நடுப்பகுதித் துண்டுகளாகக் கேளுங்கள். வால் பக்கம் மெல்லியது, சீக்கிரம் உப்பிறங்கிச் சக்கையாகிவிடும். நிறம் வெள்ளை அல்லது மெல்லிய பாலேட்டு நிறம் இருக்கலாம். நன்றாக மஞ்சளித்திருந்தால் கொழுப்பு கெட்டுப் பழசானது. இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உப்பில் வளரும் பாக்டீரியா பிடித்திருக்கிறது, வாங்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மேலுப்பைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, 6-7 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். முழுப் பாளமாக ஊறவைத்தால் நடுவில் உப்பு நின்றுவிடும். பாத்திரத்தின் அடியில் ஒரு கம்பித் தட்டையோ கவிழ்த்த சல்லடையையோ வைத்து, அதன்மேல் தோல் மேற்புறமாக மீனை அடுக்குங்கள். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். மீன் அடியிலேயே கிடந்தால் தன் உப்பிலேயே மறுபடி ஊறிக்கொண்டிருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்தது 4 லிட்டர் குளிர்ந்த தண்ணீர். மூடி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

முதல் தண்ணீரை 2 மணி நேரத்தில் மாற்றுங்கள், அதில்தான் மிக அதிக உப்பு இறங்கும். அப்புறம் 6-8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மொத்தம் ஆறு தடவை வரும். வெளியே மேசையில் வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள். உப்புதான் அதுவரை மீனைக் காத்தது. அது இறங்க இறங்க இது சாதாரண மீனாகிவிடும், அறைச் சூட்டில் வாடை வந்துவிடும். வெந்நீரில் போட்டால் வேகமாக இறங்கும் என்பதும் தவறு. மேற்பகுதி வெந்து இறுகி, நடுவில் உப்பு அப்படியே நிற்கும்.

25 காலையில் தடித்த துண்டின் நடுவிலிருந்து சுண்டைக்காய் அளவு கிள்ளி, கொதிநீரில் ஒரு நிமிடம் வேகவைத்து ருசி பாருங்கள். லேசாக உப்பு தெரிய வேண்டும். துளியும் தெரியவில்லை என்றால் அதிகம் ஊறிவிட்டது, உடனே எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

பழையஏடு
கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த நாள் எப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக் காலத்துக்குள் வரும். அந்த நோன்பில் இறைச்சி, முட்டை, பால், முதுகெலும்புள்ள மீன் எல்லாம் விலக்கு. மீனுக்கு அனுமதி இரண்டே நாள்: மங்கள வார்த்தைத் திருநாள், குருத்தோலை ஞாயிறு. கடலோரக்காரருக்குப் பச்சை மீன் கிடைத்தது. மலைக் கிராமங்களுக்கு மார்ச் மாதத்தில் கெடாமல் வந்து சேரக்கூடியது உப்பிட்ட மீன்தான். காட் மீன் மத்தியதரைக் கடலில் கிடையாது, வட அட்லாண்டிக்கிலிருந்து வர வேண்டும். விலை குறைவு, மாதக்கணக்கில் நிற்கும். அதனால் நாடு முழுக்க இதுவே இந்த நாளின் சாப்பாடாகிவிட்டது. கடலை ஒட்டிய ஊரிலும் இதையேதான் சாப்பிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மலையில் இருப்பவனும் தீவில் இருப்பவனும் அன்று ஒரே தட்டில் சாப்பிடுகிறான்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் மார்ச் 25 அன்று தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். கிளர்ச்சித் தலைவர் இப்சிலாண்டிஸ் 1821 பிப்ரவரியிலேயே வடக்கே புரூத் ஆற்றைக் கடந்து போரைத் தொடங்கிவிட்டார். தெற்கே மணிப் பகுதி மக்கள் ஆயுதம் எடுத்தது மார்ச் 17, கலமாட்டா நகரம் விடுபட்டது மார்ச் 23. பத்ராஸ் பேராயர் யெர்மனோஸ் ஆயியா லாவ்ரா மடத்தில் 25 அன்று கொடியை உயர்த்தினார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. 1838-இல் மன்னர் ஓத்தோவின் அரசு ஆணை போட்டுத்தான் 25 தேசிய நாளானது. தேவதூதர் மரியாளுக்குச் சொன்ன நற்செய்தியும் நாட்டின் மறுபிறப்பும் ஒரே நாளில் நிற்க வேண்டும் என்பது அந்தத் தேர்வின் கருத்து. அதனால்தான் கோயில் வழிபாடும் அணிவகுப்பும் தனித்தனி நிகழ்ச்சிகளாக இல்லாமல், ஒன்றின் முடிவில் மற்றது தொடங்குகிறது.

அர்கோலிஸ்
நாஃப்ளியோ நல்ல தேர்வு. 1834-இல் ஏதென்ஸுக்கு மாறும்வரை அதுதான் தலைநகரம். முதல் ஆட்சித் தலைவர் கப்போதிஸ்திரியாஸ் 1831-இல் கொல்லப்பட்டது அங்கேயுள்ள புனித ஸ்பிரிதோன் கோயில் வாசலில். அந்த வாசல் எப்போதும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

காலை ஒழுங்கு எல்லாச் சிற்றூர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியலில் தொடங்கும் வழிபாடு 10 மணியளவில் முடியும். தொடர்ந்து அதிகாரிகளுடன் நன்றி வழிபாடு, பிறகு போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம், கடைசியில் அணிவகுப்பு. சரியான நேரமும் பாதையும் நகராட்சி நாலைந்து நாள் முன்பு அறிவிக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அணிவகுப்பு தொடங்க 40 நிமிடம் முன்பே போய், அதிகாரிகள் நிற்கும் மேடைக்கு நேரெதிரே நிற்காமல் அதற்கு 50 மீட்டர் முன்னால் நில்லுங்கள். மேடையருகே பெற்றோர் கூட்டமும் புகைப்படக்காரர்களும். சற்று முன்னால் நின்றால், ‘வலப்புறம் பார்’ ஆணைக்குப் பிள்ளைகள் தலை திருப்பும் கணம் தெளிவாகத் தெரியும்.

ராணுவ டாங்கிகள், விமானங்கள் எல்லாம் ஏதென்ஸில் மட்டும். சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகள், சாரணர், இசைக்குழு, தீயணைப்பு, கடலோரக் காவல். முன்னால் கொடி ஏந்தும் மாணவர், இருபுறமும் துணை. சின்னப் பையன்கள் ஃபுஸ்தனேலா என்ற மடிப்புப் பாவாடை உடையிலும் பெண் பிள்ளைகள் அரசி அமாலியா பெயர் கொண்ட நீள உடையிலும் வருவார்கள். படம் எடுக்கலாம், ஆனால் ஒரு பிள்ளையைத் தனியாக நெருங்கி எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

மூடியிருப்பவை: வங்கி, அலுவலகம், சூப்பர்மார்க்கெட். மருந்துக்கடைகள் முறைவைத்துத் திறக்கும். மிக முக்கியம், அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மார்ச் 25 அன்று மூடல். பலமீதிக் கோட்டை, மிக்கீனே, எபிதௌரோஸ் எல்லாம் 24 அன்றே பார்த்துவிடுங்கள். அன்று கோட்டைக்குப் படியேறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. பேருந்து விடுமுறைக்கால அட்டவணைப்படி குறைவாக ஓடும்.

தாளிப்பு
துவையலைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்கோர்தாலியா என்ற அந்தப் பூண்டுத் துவையல் சரியாக அமையாவிட்டால் மீன் எவ்வளவு நன்றாகப் பொரிந்தாலும் பயனில்லை.

ஆறு பேருக்கு: மாவாகும் உருளைக்கிழங்கு 750 கிராம், பூண்டு 6 பல், ஆலிவ் எண்ணெய் 150 மி.லி., ஒயின் வினிகர் 3 மேசைக்கரண்டி, உப்பு. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வெந்த தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்துவைத்து, சூட்டோடு உரித்து மசியுங்கள். பூண்டை நீளவாக்கில் பிளந்து பச்சை முளையை எடுத்துவிடுங்கள், கசப்பு அங்கேதான். அரைக் கரண்டி உப்போடு சின்னக் கல்லுரலில் பசையாகும்வரை இடியுங்கள். இடிக்கும்போதே வினிகரையும் விட்டு, 10 நிமிடம் வைத்தால் காரம் நாக்கைக் குத்தாது. புளிப்பு அந்தக் காரத்தைப் பிறப்பிக்கும் நொதியை அடக்கிவிடும். பிறகு கிழங்கில் கலந்து, எண்ணெயை நூலாக ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் ஒரே திசையில் கிளறுங்கள். இறுகினால் அந்தக் கிழங்குத் தண்ணீர் ஒவ்வொரு கரண்டியாக.

மிக்ஸியில் போடவே கூடாது. கிழங்கின் அறைகள் கிழிந்து ஸ்டார்ச் வெளியே வந்து, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இழுபடும். அப்படி ஆனதைத் திருப்பவே முடியாது.

உப்புக்கல்
தாளிப்பு அக்கா சொன்னதில் ஒரே ஒரு மறுப்பு. கிழங்கு கிரேக்கத்துக்கு வந்தது அண்மையில்தான், பழைய முறை ரொட்டி. காய்ந்த நாட்டு ரொட்டி 300 கிராம், மேற்தோல் நீக்கித் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பூண்டோடு இடித்து, எண்ணெயும் வினிகரும். இதை மிக்ஸியிலும் அரைக்கலாம், பசையாகாது. வாடகை வீட்டில் உரல் இருக்குமா என்பது நிச்சயமில்லை என்பதால் கரையோரம் அவர்களுக்கு ரொட்டி முறைதான் பாதுகாப்பு. வடக்கே வால்நட் சேர்ப்பார்கள், 60 கிராம் போதும்.

தாளிப்பு
பழைய முறை ரொட்டி என்பது உண்மை. ஆனால் உப்பு மீனுக்கு எதிரில் ரொட்டித் துவையல் கனமாகத் தங்குகிறது, கிழங்கு உப்பை உறிஞ்சி மட்டுப்படுத்துகிறது. உரல் இல்லையென்றால் கத்தியின் தட்டைப் பக்கத்தால் உப்போடு தேய்த்தாலே பூண்டு பசையாகிவிடும், கிழங்குக்கு ஒரு முள்கரண்டி போதும். நான் கிழங்கின் பக்கம்தான். அயோனியத் தீவுகளிலும் இதையே ‘அலியாதா’ என்ற பெயரில் கிழங்கில்தான் செய்கிறார்கள்.

ரொட்டியில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மிக்ஸியில் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயை நெடுநேரம் ஓடவிட்டால் கசக்கும். ரொட்டியையும் பூண்டையும் முதலில் அரைத்து முடித்து, எண்ணெயைக் கடைசியில் கையால் கலக்கவும்.

நண்டுக்கால்
ஒரு குறுக்குக் கேள்வி. நாஃப்ளியோ மீன்கடையில் பச்சை பகலியாரோஸ் கிடைத்தால் அதையே பொரித்தால் என்ன? இரண்டு நாள் ஊறவைக்கும் வேலை மிச்சம்.

உப்புக்கல்
நோன்பு விதிக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பச்சை மீன் காட் அல்ல, ஹேக் என்ற வேறு மீன். சதை மிக மிருது, தண்ணீர் அதிகம். மாவில் தோய்த்துப் பொரித்தால் உள்ளிருந்து நீராவி கிளம்பி மேலோடு தொளதொளத்துவிடும். உப்பிட்ட காட்டில் உப்பு ஏற்கெனவே நீரை இழுத்து, சதையை இறுக்கி, பெரிய இதழ் இதழாகப் பிரியும்படி ஆக்கியிருக்கிறது. பூண்டுக்கு ஈடுகொடுப்பது அந்த இறுக்கம்தான். நேரம் இல்லாதவர்களுக்கு, உப்பிறக்கி உறையவைத்த துண்டுகள் கடையில் கிடைக்கும். ‘க்சார்மிரிஸ்மெனோஸ்’ என்று எழுதியிருக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு இரவு உருகவைத்து, துணியில் ஒற்றி எடுத்தால் போதும். 23 மாலை கடை மூடிவிட்டால் கரையோரம் அவர்களுக்கும் இதுவே மாற்று வழி, 24 அன்று வாங்கலாம்.

கரையோரம்
எல்லோருக்கும் நன்றி. பொரிப்பதைப் பற்றிச் சொல்லுங்கள். மாவு மீனிலிருந்து கழன்று எண்ணெயில் மிதப்பதாகப் பலர் புலம்புகிறார்கள், ஏன்?

உப்புக்கல்
மூன்று காரணம், முதலாவதுதான் பெரியது. மீன் ஈரமாக இருப்பது. ஊறிய துண்டுகளைத் துணியில் ஒற்றி, தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த நேரத்தில் முள்ளையும் பிடுங்கிவிடலாம், விரலால் தடவினால் தட்டுப்படும். பிறகு வெறும் மைதாவில் புரட்டி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, அதன்பின் கரைசலில் தோய்க்க வேண்டும். அந்த உலர்மாவுதான் ஒட்டுக்கு ஆதாரம்.

கரைசல்: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பியர் 300 மி.லி. பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் இளக்கம். கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்க வேண்டும், மழையாக வடியக் கூடாது. உப்பு வேண்டாம். கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்கினால் மேலோடு ரப்பராகிவிடும். பியர் பிடிக்காதவர்கள் சோடா ஊற்றலாம்.

எண்ணெய்: 22 செ.மீ. பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர், ஆழம் 4 செ.மீ. வரும். 175-180 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ரொட்டித் துண்டு போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமாக வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று துண்டுதான். நான்காவதைப் போட்டால் சூடு இறங்கும், மாவு எண்ணெய் குடிக்கும், கழலும். துண்டைப் பாதி இறக்கி ஐந்து விநாடி பிடித்திருந்து விட்டால் அடியில் ஒட்டாது. பக்கத்துக்கு 3 நிமிடம். எடுத்ததைக் கம்பி வலையில் வையுங்கள். காகிதத்தில் போட்டால் அடிப்பக்கம் ஆவியில் நனைந்துவிடும்.

கடலைப் பார்த்த மாடத்தில் கேஸ் அடுப்பு வைத்துப் பொரிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். மார்ச் காற்றில் சுடர் சாய்ந்து சூடு நிலைக்காது, எண்ணெய் அருகே சுடர் அலைவது ஆபத்தும்கூட. உள்ளே பொரித்து, வெளியே சாப்பிடுங்கள்.

வெண்புறா
இந்த இழையில் டீனோஸ் தீவை யாரும் சொல்லாதது குறை. திருநாளும் தேசிய நாளும் கடலும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1823 ஜனவரி 30 அன்று, பெலாயியா என்ற துறவியின் காட்சிகளைத் தொடர்ந்து மங்கள வார்த்தைத் திருவோவியம் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. போராடிக்கொண்டிருந்த மக்கள் அதை நாட்டுக்கே கிடைத்த அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். துறைமுகத்திலிருந்து கோயில்வரை ஏறத்தாழ 800 மீட்டர் ஏற்றம். ஓரமாகக் கம்பளம் விரித்திருக்கும், நேர்த்திக்கடன் வைத்தவர்கள் முழங்காலில் போவார்கள். நடந்து போகிறவர்கள் அந்தக் கம்பளத்தில் கால் வைக்கக் கூடாது, குறுக்கே கடக்கவும் அவர்கள் போகும்வரை நிற்க வேண்டும்.

25 அன்று அந்தத் திருவோவியம் பவனி வரும். முன்னால் வரிசையாகக் குனிந்து கிடப்பவர்கள் மேல் அது கடந்து போகும். அந்த வரிசை நோயாளிகளுக்கும் நேர்ந்துகொண்டவர்களுக்கும் உரியது, வேடிக்கை பார்க்கிறவர்கள் ஓரமாக நிற்பதே மரியாதை.

நண்டுக்கால்
ஆகஸ்ட் 15-தானே டீனோஸின் பெரிய திருநாள்?

வெண்புறா
இரண்டும் பெரியவை. ஆகஸ்ட் 15-இல் கூட்டம் பல மடங்கு, படுக்க இடம் கிடைப்பதே அரிது. அந்த நாளுக்கும் தேசியப் பொருள் உண்டு: 1940 ஆகஸ்ட் 15 அன்று, திருநாளுக்காக டீனோஸ் துறைமுகத்தில் நின்ற எல்லி என்ற போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் போர் தொடங்கியது அக்டோபர் 28 அன்றுதான், அதற்கு இரண்டு மாதம் முன்பே இது நடந்தது.

மார்ச்சில் கூட்டம் தாங்கும், சிக்கல் காற்றில்தான். பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 8-ஐத் தொட்டால் பொதுவாகக் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நிற்கும். அதனால் 23 அன்றே போய்ச் சேருங்கள், 26 அன்று திரும்ப விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகங்களில் ரஃபீனா, பிரேயுஸைவிட டீனோஸுக்குக் கிட்டம்.

அர்கோலிஸ்
கரையோரம் அவர்களுக்கு மதியத் திட்டமும் சொல்லிவிடுகிறேன். அணிவகுப்பு 12 மணியளவில் முடியும். உடனே எல்லோரும் கடலோர உணவகங்களுக்கு நகர்வார்கள், முன்பதிவு இல்லாமல் 1 மணிக்கு இடம் கிடைக்காது. நீங்கள் வீட்டில் சமைப்பதால் அந்த நெருக்கடி இல்லை. துறைமுக நடைபாதையிலிருந்து பூர்ட்சி தீவுக்கோட்டை தெரியும். அப்படியே அக்ரோநாஃப்ளியாவைச் சுற்றி அர்வனீத்தியா கடற்கரைக்குப் போகும் பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், சில சமயம் பாறை விழும் அபாயத்தால் அடைத்திருப்பார்கள். கடல் அப்போது 15-16 டிகிரிதான், குளிக்கிற பருவம் இல்லை. ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், மறைந்ததும் குளிர் சட்டென இறங்கும். கனமான மேற்சட்டை ஒன்று வேண்டும்.

வழியில் பார்க்கிறவர்களிடம் ‘ஹ்ரோனியா போலா’ என்று சொல்லுங்கள், பல்லாண்டு வாழ்க என்ற வாழ்த்து. அன்று எவாங்கெலோஸ், எவாங்கெலியா, வங்கேலிஸ் என்ற பெயருள்ளவர்களுக்கெல்லாம் பெயர்த் திருநாள். வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் என்றால் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நோன்பில் இருக்கிறவராக இருந்தால் பால், முட்டை சேராத ஹல்வா அல்லது லுக்கூமி.

கரையோரம்
இரண்டு சின்னக் கேள்விகள். பக்கத்தில் வேறென்ன வைப்பார்கள்? மிஞ்சினால் என்ன செய்வது?

தாளிப்பு
பீட்ரூட். தண்டும் இலையுமாக வாங்கி, கிழங்கைத் தனியாக 45 நிமிடம், இலையைத் தனியாக 10 நிமிடம் வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் வினிகரும் விடுங்கள். கிழங்கை வெட்டாமல் தோலோடு வேகவைத்தால்தான் நிறம் நிற்கும். ரெட்சினா ஒயின் உடன் வைப்பார்கள், அன்றைக்கு அதற்கும் எண்ணெய்க்கும் அனுமதி உண்டு.

மிஞ்சுவதைப் பற்றி: 26 அன்று தேவதூதர் கபிரியேலின் நாள், ஆனால் மீன் விலக்கு திரும்பிவிடும். நோன்பிருக்கும் விருந்தினர் வந்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொரியுங்கள். பொரிக்காத துண்டுகளை நன்றாகத் துடைத்து உறையவைக்கலாம். நோன்பு இல்லாதவர்கள் அவற்றை வெங்காயம், தக்காளியோடு அவனில் 180 டிகிரியில் 35 நிமிடம் வைத்தால் நல்ல சாப்பாடு. பொரித்ததை மறுநாள் சூடுபண்ணினால் மேலோடு தோல் மாதிரி ஆகிவிடும். துவையல் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும், இரண்டாம் நாள் பூண்டு இன்னும் ஏறியிருக்கும், ஒரு வெந்த கிழங்கை மசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியிலோ கடலிலோ ஊற்றாமல், ஆறியதும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வையுங்கள். பல சூப்பர்மார்க்கெட் வாசலில் பழைய எண்ணெய் வாங்கும் தொட்டி இருக்கும், 26 காலையில் திறந்ததும் போட்டுவிடலாம்.